இந்த ஈடு எடுத்துட்டு வர்றேன்

வாங்க தம்பி, உக்காருங்க. கோத்தகிரி பஸ் இப்பத்தான் போச்சு, அடுத்தது வர நேரமாகும். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. கொஞ்சம் தள்ளியே போடுங்க, எண்ணெய் தெறிக்கும். என்ன? ஓ, ரேடியோவா? சத்தம் ஜாஸ்தியா இருக்குதுங்களா? பஸ் ஸ்டாண்டு இரைச்சலுக்கு இந்த அளவு வெச்சாத்தான் பாட்டுன்னு ஒண்ணு காதுல விழுகும். சரி, காதைப் பொத்தாதீங்க, நிறுத்திடறேன்.

கட்டித் தொங்கவிட்ட பொட்டலம் வேண்டாம்ங்களா? சூடாத்தான் வேணுமா? நல்லதுங்க. இந்த மேட்டுப்பாளையத்துல சிப்ஸை நின்னு வாங்கித் திங்கிறவங்க இப்பக் கம்மி. எல்லாருக்கும் காத்தடிச்ச பாக்கெட் வேணும். காலையில உருளைக்கிழங்கைச் சீவி, கஞ்சித்தண்ணி போக அலசி, துணியில பரத்தி வெச்சிருக்கேன். எண்ணெய் காஞ்சதும் போட வேண்டியதுதான்.

இது நம்ம ஊட்டிக் கிழங்கு இல்லீங்க, முன்கூட்டியே சொல்லிடறேன். வடக்கேயிருந்து வர்றது. குளிர் குடோன்ல மாசக்கணக்குல படுத்துக் கிடந்துட்டு வரும். அப்படிக் கிடந்த கிழங்குல இனிப்பு ஏறிடும், சட்டில போட்டதும் செவந்துக்கும். நிறம் கொஞ்சம் கூடிப்போச்சுன்னா அது என் கைத்தப்பு இல்லை. இதைச் சொன்னா ஒருத்தரும் நம்பறதில்லை. "என்ன நஞ்சப்பண்ணா, இப்பெல்லாம் கரிய விடுறீங்க"ங்கறாங்க. நானா கரிய விடறேன்? சொல்லுங்க பாப்போம்.

பாருங்க, போட்டுட்டேன். கேட்டுச்சா?

இதுதான் தம்பி தொழிலே. சீவலைப் போட்டதும் மழை கொட்டற மாதிரி எண்ணெய் கத்தணும். கிழங்குல இருக்கிற தண்ணியெல்லாம் கத்திக்கிட்டே வெளிய போகுது. போகப் போகக் கத்தல் குறையும். அப்புறம் ஒண்ணோட ஒண்ணு உரசிச் சருகு மாதிரி கலகலங்கும். அதுக்கப்புறம் எண்ணெய் அடங்கும். அடங்கின அந்த நொடியில ஜல்லிக்கரண்டியப் போட்டு அள்ளிடணும். நிறத்தைப் பாத்துக்கிட்டு நின்னா அவ்வளவுதான், சட்டிய விட்டு எடுத்தப்புறமும் சூட்டுல வெந்துக்கிட்டே இருக்கும். அதனால கண்ணை நம்பப்படாது. நான் பொரிக்கிறது காதால. கல்யாணம் ஆனதுலேருந்து காதாலதான்.

ஆனா இப்ப வர்ற எண்ணெய் இருக்குது பாருங்க, ஊமை எண்ணெய். என்னத்தைக் கலக்கறானுங்களோ, கத்தவே மாட்டேங்குது. எப்போ அடங்குச்சுன்னே தெரியறதில்லை. எண்ணெயைச் சொல்றேன், ஜனங்க மட்டும் என்ன? எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசறாங்க. முன்னெல்லாம் கடைக்கு வர்றவங்க "நஞ்சப்பா, கால் கிலோ போடு"ன்னு கேட்டா ரயிலடி வரைக்கும் கேக்கும். இப்பக் கிட்ட வந்து நின்னு உதட்டை மட்டும் ஆட்டிட்டுப் போறாங்க. எல்லாம் அந்தப் போனால வந்த பழக்கம்.

என்னங்க காட்டறீங்க? சட்டியா? அட, இருங்க இருங்க... ஆமா. செவந்துடுச்சு. சொன்னேனில்ல? குடோன் கிழங்கு. இதை உங்களுக்குத் தர மாட்டேன். ஓரமாக் கொட்டி வெக்கிறேன். அடுத்த ஈடு உங்களுக்கு. பஸ் வந்தாக் கூப்பிட்டுச் சொல்றேன், கவலைப்படாதீங்க, ஹாரன் சத்தத்தை வெச்சே எந்த ஊர் பஸ்ஸுன்னு சொல்லிடுவேன்.

காதைப் பத்திப் பேசறேன்னு நினைக்காதீங்க. என் வயித்தெரிச்சலே அதுதான். நான் பெத்த மகளே என்னைச் செவிடன்னு சொல்லிடுச்சு. அதுவும் எங்க? அதோட அம்மா கருமாதியில. சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாடி.

அம்மிணி பேரு சுகந்தி. ஒரே புள்ளை. திருப்பூர்ல கட்டிக் குடுத்திருக்குது, பனியன் கம்பெனில செக்கிங் வேலை. நல்ல புள்ளைங்க. வாரம் தவறாமப் போன் பண்ணும். எனக்கும் போனுக்கும் ஆகாது. டவர் கிடைக்காது இங்க. அதுபாட்டுக்குப் பேசும், நான் "ம், சாப்ட்டேன் கண்ணு, நல்லது கண்ணு"ம்பேன். ஒருநாள் அதைப் பழைய கம்பெனில வேலையை விட்டு நிறுத்திட்டாங்கன்னு அழுதுச்சாம். நான் "ரொம்ப சந்தோஷம் கண்ணு"ன்னு சொன்னேனாம். நான் அப்படிச் சொல்லுவனுங்களா? டவர் பண்ணின வேலைக்கு மனுசன் என்ன பண்ணுவான்.

அவங்கம்மா பேரு வேலாத்தா. அந்தா, அந்தச் சாக்குத் திரை தெரியுதா, அதுக்குப் பின்னாடி ஒரு இருட்டு மூலை. அதுதான் அவ இடம். பலகையில உக்காந்து கிழங்குத் தோல் சீவிக்கிட்டே இருப்பா. நான் முன்னாடி, அவ பின்னாடி. நடுவுல இந்த எட்டடிதான். அந்தப் பக்கம் சுவரை ஒட்டி மஸ்தான் பாய் கடை. தையல்காரர், தங்கமான மனுசன்.

வேலாத்தா வாயி இருக்குதே, அப்பப்பா. காலையில கடை திறந்தாத் தொடங்கிடுவா. மூட்டையில சொத்தைக் கிழங்கு இருந்தா மண்டிக்காரனைத் திட்டுவா. மண்டிக்காரன் முடிஞ்சா மருமகனை, மருமகன் முடிஞ்சா என்னை. "மாமா, உங்களுக்கு எதைக் குடுத்தாலும் விலை பேசத் தெரியாது, கட்டையும் கல்லையும் மூட்டை கட்டிக் குடுத்தாலும் தலைமேல வெச்சுக்கிட்டு வருவீங்க"ம்பா. பாய் அந்தப் பக்கமிருந்து சிரிப்பார். "தங்கச்சி, நிறுத்திப் பேசும்மா, என் மிஷின் சத்தமே எனக்குக் கேக்கல"ம்பார். அவ "உங்க மிஷினுக்கு எண்ணெய் விடுங்க பாய், எங்க சட்டியில வேணுங்கிற அளவு கிடக்குது"ன்னு திருப்பிக் குடுப்பா. நாளெல்லாம் இதுதான். எண்ணெய் ஒருபக்கம் கத்தும், அவ ஒருபக்கம்.

கடைசியா ஒரு ரெண்டு வருசம் இருக்கும், மெல்ல மெல்ல அடங்கிட்டா. வயசு ஆனா அப்படித்தானுங்களே. கத்திக் கத்தி உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய போயி, பக்குவத்துக்கு வந்துட்டா. எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு. பொய் சொல்லப்படாது. பக்குவம்னா இதுதான்னு நினைச்சுக்கிட்டேன்.

பாய்கிட்டக் கூடச் சொன்னேன், "என் வூட்டுக்காரி இப்பத்தான் மனுசியாயிருக்கா, பேச்சையே விட்டுட்டா"ன்னு. அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். என்னமோ சொன்னார். பஸ் போன இரைச்சல்ல சரியா விழல.

பேச்சு நின்னுச்சு, குறும்பு நிக்கல. என்ன பண்ணுவா தெரியுங்களா? ஏதாச்சும் வேணும்னா ஒரு சின்னக் கிழங்கை எடுத்து என் முதுகுல எறிவா. கோலிக்குண்டு அளவுதான். நேரா வந்து சட்டைல படும். திரும்பிப் பாத்தா, தண்ணி மோந்து குடுங்கன்னு செம்பைக் காட்டுவா. இல்லாட்டி மூட்டையை நகத்தச் சொல்லிக் கையைக் காட்டுவா. அந்த வயசுல புருசன் மேல கிழங்கெறிஞ்சு விளையாடற பொம்பளையப் பாத்திருக்கீங்களா? கடைக்கு வர்றவங்க சிரிப்பாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். கட்டிக்கிட்ட புதுசுல கூட அவ இப்படி விளையாடினதில்லை தம்பி. அப்போ எங்க அம்மாவுக்குப் பயந்துக்கிட்டுக் கிடந்தா.

எண்ணெய் காயட்டும். நீங்க வெய்யில்ல உக்காந்திருக்கீங்க, இந்தப் பக்கம் நகர்ந்துக்குங்க.

அன்னிக்கு ஊட்டி சீசன். வெய்யில் கொளுத்துது, மலைக்குப் போற கூட்டம் கடையை அடைச்சுக்கிட்டு நிக்குது. குழந்தைகுட்டி எல்லாம் "சிப்ஸு சிப்ஸு"ன்னு கையை நீட்டுது. நான் சட்டியை விட்டுத் தலையைத் தூக்கல. அப்பப் பின்னங்கால்ல ஒரு கிழங்கு வந்து முட்டுச்சு. முதுகுக்கு எறியறவ, அன்னிக்குக் காலுக்கு உருட்டி விட்டிருக்கா. எனக்குச் சிரிப்பு. திரும்பாமலே சொன்னேன், "இரு புள்ளை, இந்த ஈடு எடுத்துட்டு வர்றேன்"னு.

சட்டில கிழங்கு பாதி வேக்காட்டுல இருக்குதுங்க. விட்டுட்டுப் போக முடியுமா? போனா மொத்தமும் கரி. தொழில் தெரிஞ்சவன் போக மாட்டான்.

இன்னொண்ணு உருண்டு வந்துச்சு. கொஞ்ச நேரம் விட்டு இன்னொண்ணு. நான் குனிஞ்சு பொறுக்கித் துடைச்சு அடுப்புக்கிட்ட இருந்த கூடைல போட்டேன். கிழங்கு மண்ணுல கிடக்கலாமா? அந்த ஈடு எடுத்தேன். கூட்டம் விடமாட்டேங்குது, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு பறக்கறாங்க. சரின்னு அடுத்த ஈடும் போட்டு எடுத்துட்டேன். அப்புறம்தான் ஒரு செம்பு தண்ணியோட போனேன், தண்ணிக்குத்தான் கூப்பிட்டிருப்பான்னு.

மூட்டையில சாஞ்சு உக்காந்திருந்தா. கண்ணு திறந்தேதான் இருந்துச்சு. அவ கூடை பக்கத்துல காலியாக் கிடந்துச்சு. அதுல இருந்த கிழங்கெல்லாம் திரைப் பக்கமாத் தரை முழுக்க உருண்டு கிடந்துச்சு. கை பட்டுக் கூடை சாஞ்சிருக்கும்.

நெஞ்சு வலின்னாங்க டாக்டரு. ஒரு சத்தமில்லை தம்பி. ஒரு முனகல் இல்லை. எத்தனையோ பேர் ஆஸ்பத்திரில கிடந்து இழுத்துக்கிட்டுப் போறாங்க. இவ சத்தமே போடாமப் போயிட்டா. புண்ணியவதி. வந்தவங்க எல்லார்கிட்டயும் அதைத்தான் சொன்னேன். சத்தமே இல்லாமப் போயிட்டான்னு. சொல்லச் சொல்ல எனக்கு அது ஒரு ஆறுதலா இருந்துச்சு.

கருமாதி அன்னிக்கு அதையே சொன்னேன். பந்தல்ல எல்லாரும் உக்காந்திருக்காங்க. அப்பத்தான் அவ தங்கச்சி, காரமடையில குடுத்தது, பேரு பாப்பாத்தி, எந்திரிச்சு நின்னு கத்தினா பாருங்க. பந்தலே திரும்பிப் பாத்துச்சு. "எங்க அக்கா 'மாமா, மாமா'ன்னு கத்தினது சுவத்துக்கு அந்தப் பக்கம் தையல் கடைல கேட்டிருக்குது, எட்டடில நின்ன உங்களுக்குக் கேக்கலையா? சத்தமே போடலைன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறீங்களே"ன்னா.

நான் பாயைப் பாத்தேன். அவர் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்.

அவருக்கும் வயசாச்சுங்களே. என்னத்தையோ கேட்டுட்டு என்னத்தையோ நினைச்சிருப்பார். கத்தினான்னா வந்து பாக்க வேண்டியதுதானே? கேட்டா, "நீங்கதான் கூட இருக்கீங்களேன்னு இருந்துட்டேன் அண்ணே"ன்னு அழறார். நான் கூட இருக்கேன்ல? கூட இருக்கிற எனக்குக் கேக்காதது அவருக்கு எப்படிக் கேக்கும்? இதை நான் பந்தல்ல எந்திரிச்சுக் கேட்டேன். நியாயமான கேள்விதானுங்களே?

அப்பத்தான் சுகந்தி ஓடி வந்து என் கையைப் புடிச்சுக்கிச்சு. "சித்தி, அப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்க. அப்பாவுக்குக் காது போய் ரொம்ப நாளாச்சு. அம்மாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கேட்டிருந்தா எந்திரிச்சுப் போகாம இருப்பாரா? அவர் மேல தப்பில்லை"ன்னு பந்தல் முழுக்கக் கேக்கற மாதிரி கத்துச்சு.

எல்லாரும் "த்சொ த்சொ"ன்னாங்க. பாப்பாத்தியே வாயைப் பொத்திக்கிட்டு அழுதா. எனக்குப் பரிஞ்சு பேசுதாம் என் மகள்! எனக்குத் தூக்கு மாட்டிக்கலாம் போல இருந்துச்சு. யோசிச்சுப் பாருங்க. என் காது நல்லா இருக்குதுன்னா அவ கத்தல. சத்தமில்லாமப் போயிட்டா. காது போச்சுன்னு நான் ஒத்துக்கிட்டா என்ன அர்த்தம்? அவ அங்க உக்காந்து... இல்லை. அதெல்லாம் கிடையாது. காது போனவன் சிப்ஸ் பொரிக்க முடியுமா? பொரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்.

அப்புறம் ஒருநாள் சுகந்தி வந்துச்சு, சின்ன டப்பாவோட. காது மிஷின். மொச்சைக்கொட்டை அளவு இருக்கும். "போட்டுக்கப்பா"ன்னுச்சு. நான் டப்பாவை அது பக்கம் தள்ளினேன், அது என் பக்கம் தள்ளுச்சு. கடைசில என் மூஞ்சிக்கு நேரா நின்னு ஒவ்வொரு சொல்லாச் சொல்லுச்சு: "போன்ல நான் சொல்றது உனக்கு விளங்கறதில்லை. எங்கம்மாவைப் பத்தி எனக்கு உன்கிட்டப் பேசணும். வேற யாருகிட்டப் பேசுவேன் நான்? இதைப் போட்டுக்கிட்டு நீயே என்னைக் கூப்பிடு. அதுவரைக்கும் நான் கூப்பிட மாட்டேன்." கண்ணுல தண்ணி. துணிப் பொட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிடுச்சு.

சொன்ன மாதிரியே கூப்பிடலை. வாரம் தவறாமப் போன் பண்ணின புள்ளை. போனை இந்தா, இந்த அலமாரில முன்னாலயே வெச்சிருக்கேன், லைட்டு எரிஞ்சாத் தெரியற மாதிரி. எரியறதில்லை. வேலாத்தாவும் இல்லை, அதுவும் பேசறதில்லை. அது ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும் எனக்கு. என்ன பேசுச்சுன்னு விளங்காட்டிக் கூடப் பரவால்லைங்க. அதுபாட்டுக்கு ஏதோ பேசிக்கிட்டே இருக்கும், நான் ம் ம்னு சொல்லிக்கிட்டே இருப்பேன், அதுவே போதும்.

எண்ணெய் காஞ்சுடுச்சு. இந்தாங்க, உங்க ஈடு. போட்டாச்சு.

மிஷினைப் போட்டுப் பாக்காம இல்லைங்க. போட்டேன். உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன, நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்க. போன அமாவாசை அன்னிக்குக் கடைய முழுசாத் திறக்கலை, ஷட்டரைப் பாதிக்குத் தூக்கிட்டு உள்ள உக்காந்து மாட்டிப் பாத்தேன். என்னத்தைச் சொல்ல! நான் கட்டியிருந்த வேட்டி சரசரங்குது. மேல டியூப் லைட்டு வண்டு மாதிரி ரீங்காரம் போடுது. குழாய்ல சொட்டற தண்ணி ஒவ்வொரு சொட்டும் விழுகுது. சரி, பாத்துடலாம்னு சட்டியை வெச்சு ஒரு கை சீவலைப் போட்டேன்.

கத்துச்சு தம்பி. மழைங்க. ஆடி மாசம் பவானில தண்ணி வர்ற மாதிரி. எங்க பழைய எண்ணெய். ஊமை எண்ணெய்க்கு வாய் வந்துடுச்சேன்னு சின்னப்புள்ளை மாதிரி சிரிச்சுக்கிட்டு நின்னேன். இப்பவே சுகந்தியைக் கூப்பிட்டுடலாம்னு போனைக் கூடக் கையில எடுத்துட்டேன்.

அப்பத்தான் அந்தப் பக்கம் மஸ்தான் பாய் இருமினார்.

சுவருக்கு அந்தப் பக்கம். செங்கல் சுவருங்க அது. இருமி, தொண்டையச் செருமி, யார்கிட்டயோ "பட்டன் டப்பாவை எடு"ன்னு மெதுவாச் சொல்றார். சும்மா மெதுவா, பக்கத்துல இருக்கிற ஆள்கிட்டச் சொல்ற மாதிரி. அது எனக்கு இங்க கேக்குது. எண்ணெய் கத்துது, அதுக்கு நடுவுலயும் கேக்குது.

பிடுங்கி டப்பாவுல போட்டுட்டேன். பொய் சொல்ற மிஷின் அது. செங்கல் சுவத்தைத் தாண்டி மனுசன் பேசறது எப்படிக் கேக்கும்? அவ்வளவு சுளுவாக் கேக்கும்னா... அங்கேருந்து இங்க இவ்வளவு தெளிவாக் கேக்கும்னா, இங்கேருந்து அங்க... இல்லைங்க. கோளாறான மிஷின். ஏமாத்திக் குடுத்திருக்கான் கடைக்காரன். அம்மிணிக்கு என்ன தெரியும், பாவம்.

உங்களுக்கு உப்பு மட்டும் போதுங்களா, மிளகாத்தூள் தூவட்டுமா?

தம்பி, ஒண்ணு செய்யுங்க. இது உங்க பொட்டலம். உங்களுக்கு எந்தப் பக்குவத்துல வேணுமோ நீங்களே சொல்லுங்க. சட்டியக் கேட்டுக்கிட்டே இருங்க. கத்தல் அடங்குச்சுன்னா எனக்குத் தலையை மட்டும் ஆட்டுங்க, அள்ளிடறேன். எனக்குக் கேக்காம இல்லை. எண்ணெய்தான் ஊமை. நான் உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கிறேன். அவசரமில்லை. இப்ப இன்னும் கத்துதுங்களா? ம். கத்தட்டும்.

அட.

என்னவோ கால்ல பட்டுச்சு. பின்னங்கால்ல.

கிழங்குங்க. மூட்டை வாய் அவுந்து ஒண்ணு உருண்டு வந்திருக்குது. வேற ஒண்ணுமில்லை. மூட்டையைக் காலைல நான்தான் சரியாக் கட்டாம விட்டுட்டேன்.

நீங்க தலையாட்டறீங்க. தெரியுது. அடங்கிடுச்சு.

இருக்கட்டும் தம்பி. கரிஞ்சாக் கரியட்டும், உங்களுக்கு வேற ஈடு போட்டுத் தர்றேன், பஸ் போனா அடுத்த பஸ் இருக்குது. திரைக்குப் பின்னாடி ஒரு எட்டு எட்டிப் பாத்துட்டு வந்துடறேன். யாருமில்லைன்னு தெரியும். தெரியுங்க. ஒரு எட்டுத்தான்.